எழுபத்திரண்டுக்கு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒரு சாமானை வைத்த இடம் ஞாபகம் இருப்பதில்லை. கல்யாணப் போட்டோ, வீட்டுப் பத்திரம், முதலாளிக்குப் போக வேண்டிய கணக்கு, பூனைப் படம் என்று சகலத்தையும் ஒரே கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கொட்டி வைக்கிறார்கள். அப்புறம் அந்தப் பெட்டிக்குள் தங்கள் சாமானே தங்களுக்கு அகப்படவில்லை என்று வாயில் அடித்துக்கொண்டு ஓடி வருகிறார்கள். கதவை ஆவென்று திறந்து போட்டுவிட்டு நாயைக் கோபிக்கிற ஜென்மங்கள்.

இப்படி முணுமுணுத்துக்கொண்டேதான் ஸாவ் அந்தத் தையல் கடை வாசலில் செருப்பைக் கழற்றினார். வயது அறுபத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததைவிட அதன் சுவரேறிக் குதித்தது அதிகம். சைகோன் துறைமுகத்தில் காவலாளியாக இருந்தபோது, சுமக்கிறவன் முகத்தைப் பார்த்தே மூட்டைக்குள் என்ன என்று சொல்லப் பழகினார். வேலை போன பிறகு, திருட்டுத் துப்பறிய, அதையே பிழைப்பாக்கிக்கொண்டார்.

அவருக்குப் பின்னால் சின் வந்தாள். நாற்பத்தைந்து வயது, நாக்குக்கு மட்டும் பதினெட்டு. ஒரு காலத்தில் கல்லூரி வாசலில் தட்டச்சுக் கடை வைத்திருந்தாள். அடுத்தவன் எழுதிய பொய்யைப் பிழையில்லாமல் தட்டிக் கொடுப்பது தொழில். இப்போது ஸாவுக்கு உதவியாள்.

"சித்தப்பா, சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க. தையல் கடைக்கு வர லட்சணமா இது?"

"அவங்க வேலைக்கு ஆகட்டும்னுதான் விட்டு வச்சிருக்கேன். உள்ள நட."

உள்ளே மெஷின்கள் ஓடவில்லை. தேத் புத்தாண்டுக்கு ஊரே புது ஆவ் யாய் அங்கிக்கு அலையும்போது தையல் மெஷின் நிற்கிறதென்றால், அந்தக் கடையில் இழவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

முதலாளி துயென் அம்மாள் எழுந்து வந்தாள். ஐம்பத்தைந்து வயதுக்குக் கொண்டையில் ஒரு முடி பிசகவில்லை.

"வாங்க ஸாவ் அண்ணே. திருடியைப் பிடிச்சாச்சு. பாத்தேன், உண்மைதான்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா போதும்."

"பிடிச்சாச்சுன்னா என்னை எதுக்கும்மா கூப்பிட்டீங்க?"

"என் பையன் கேக்க மாட்டேங்கறான். வெளியாள் ஒருத்தர் வந்து பாக்கணுமாம்."

பையன் கோய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றான். இருபத்தேழு இருக்கும். துணிச் சுருள்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண், அளவு நாடாவைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். லுவா. பூ வேலைக்கு மாதிரி வரைகிறவள். வடக்கே தாய் பின் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள்.

துயென் அம்மாள் தெருவைக் காட்டினாள். எதிர்ச்சாரியில் 72-ஆம் நம்பர் கடை. அதன் கண்ணாடிக்குள் பொம்மை ஒரு ஆவ் யாய் போட்டிருந்தது. அடி ஓரத்திலிருந்து தோள் வரை மஞ்சள் மாய்ப் பூக்கிளை ஒன்று வளைந்து ஏறியது.

"எங்க தேத் மாதிரி அண்ணே அது. நாங்க இன்னும் துணியே வெட்டலை. அந்தக் கடைக்காரன் காலையில மாட்டிட்டான். நான் மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள தையல்காரங்க குழுவுல இவ போட்டோவைப் போடப்போறேன். அப்புறம் இந்த ஊர்ல எவன் இவ கையில ஊசி குடுக்கறான்னு பாத்துடறேன்."

அந்தக் குழு என்றால் சும்மா இல்லை. ஊரிலுள்ள தையல் கடை ஒன்று பாக்கியில்லாமல் அதில் இருக்கிறது. அதில் ஒருத்தி பேர் வந்தால் நெற்றியில் பச்சை குத்திய மாதிரிதான். நாடாவைச் சுற்றிய லுவாவின் கை நின்றது.

"அத்தாட்சி?" என்றார் ஸாவ்.

கோய் அவரை லுவாவின் கம்ப்யூட்டருக்குக் கூட்டிப்போனான். "போன மாசம் நான்தான் எல்லாருக்கும் சொன்னேன். சொந்த ஃபைல் ஒரு பக்கம், கடை ஃபைல் ஒரு பக்கம்னு பிரிச்சு வைங்கன்னு. கடை ஃபைலை நான் தினம் பார்ப்பேன். சொந்தத்தை யாரும் திறக்கக் கூடாதுன்னு நானே சட்டம் போட்டேன். இன்னிக்கு அந்தப் பொம்மையைப் பாத்ததும் மனசு கேக்கலை. எல்லா மெஷின்லயும் எல்லாத்தையும் திறந்துட்டேன்."

"சட்டம் போட்டவனே முதல்ல மீறுவான்" என்றார் ஸாவ். "அப்புறம்?"

திரையில் லுவாவின் 'சொந்தம்' திறந்தது. ஒற்றைக் கண் பூனை ஒன்றின் படங்கள். ஊருக்குப் போக ரயில் டிக்கெட். அதற்குக் கீழே ஒரு ஃபோல்டர்.

*cho72*

"உள்ள எங்க தேத் மாதிரி அத்தனையும் இருக்கு. பேரைப் பாருங்க. சொ. நம்ம பாஷையில 'அவருக்குக் குடு'ன்னு சொல்ல வருமே, அந்தச் சொ. எழுபத்திரண்டுக்கு." கோயின் குரல் இறங்கியது. "எனக்கு வேற எப்படியும் படிக்கத் தெரியலை."

"நான் அதை உருவாக்கலைங்க" என்றாள் லுவா. காலையிலிருந்து இருபது தடவை சொல்லித் தேய்ந்த குரல். "பெரியப்பா, சத்தியமா அது என்னோடது இல்லை."

"பெரியப்பாவா?" சின் வாயைப் பொத்திக்கொண்டாள். "பத்து வருசமா நான் சித்தப்பான்னு இளமையாக் காப்பாத்தி வச்சிருந்தேன். வடக்கத்தி வாய் ஒரே வார்த்தையில கிழவனாக்கிடுச்சு."

ஸாவ் சிரிக்கவில்லை. அவருக்கு வடக்கத்தி ஆட்கள் மேல் நம்பிக்கையில்லை. தெற்கத்தி ஆட்கள் மேலும்தான். பெண்ணின் முகத்தைப் பார்த்தார். பயந்த முகம். திருடினவளுக்கும் அதே முகம்தான், திருடாதவளுக்கும் அதே முகம்தான். மூட்டையில் இருக்கிற பாரம் இதில் தெரியவில்லை.

சின் திரைக்குள் மூக்கை நுழைக்காத குறையாகக் குனிந்தாள். இன்னொரு ஃபோல்டரைத் தொட்டாள். *mej* என்று இருந்தது.

"இது என்ன கண்ணு?"

"எங்க அம்மா போட்டோங்க. வேலைக்குச் சேந்த அன்னிக்கு வச்சேன். எழுத்துச் சரியா விழலை, அப்படியே விட்டுட்டேன்."

சின் நிமிர்ந்தாள். "சித்தப்பா, எனக்குத் தாகமா இருக்கு."

"இங்கயே தண்ணி இருக்கே" என்றாள் துயென் அம்மாள்.

"எனக்கு நடைபாதைத் தண்ணிதான் ஒத்துக்கும்க்கா."

வெளியே நடைபாதையில், முழங்கால் உயர பிளாஸ்டிக் முக்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஐஸ் டீ வந்தது. சின் ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தாள்.

"அது எழுபத்திரண்டும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை."

"பல்லைக் காட்டாமச் சொல்லு."

"நம்ம எழுத்துக்குக் கொம்பு, கோடு, பொட்டுன்னு ஆயிரம் நகை போடணும். தட்டற கட்டைப் பலகையில நகைக்குத் தனிக் கட்டை கிடையாது. அதனால ரெண்டு வழி வச்சிருக்காங்க. ஒண்ணு எண் வழி. எழுத்தைத் தட்டிட்டு ஏழு தட்டினா கொம்பு, ரெண்டு தட்டினா மேல ஒரு சாய்கோடு, அஞ்சு தட்டினா கீழ பொட்டு. மெஷின் எண்ணை விழுங்கிட்டு நகையைப் போட்டுடும். இன்னொண்ணு எழுத்து வழி. அதுல எண்ணுக்குப் பதிலா வேற எழுத்தைத் தட்டணும். பொட்டுக்கு ஜே. புரியுதா?"

"புரியலை. மேல சொல்லு."

"cho தட்டி, ஏழு, ரெண்டு. கொம்பும் கோடும் விழுந்தா என்ன வார்த்தை?"

ஸாவ் ஐஸ் தண்ணீரில் விரலைத் தோய்த்து டீ வைத்த முக்காலி மேல் எழுதிப் பார்த்தார். கொம்பு வைத்தார். கோடு போட்டார். விரல் நின்றது.

"சோஓ... காத்திரு."

"அதேதான். 'எழுபத்திரண்டுக்குக் குடு' இல்லை. 'காத்திரு.' அந்த மெஷின் எழுத்து வழிக்கு வச்ச மெஷின். எண் வழி பழகின கை அதுல வந்து தட்டியிருக்கு. மெஷினுக்கு அது வெறும் எண்ணு. விழுங்காம அப்படியே துப்பிடுச்சு."

"இவளே எண் வழியில தட்டியிருந்தா?"

"அதுக்குத்தான் அம்மா ஃபோல்டரைப் பாத்தேன். அம்மாங்கற வார்த்தைக்குக் கீழ ஒரு பொட்டு வேணும். அன்னிக்கு மெஷின் எந்த வழிக்கும் வைக்காமக் கிடந்திருக்கு. இவ கை பொட்டுக்கு எங்க போச்சு? ஜேக்குப் போச்சு. எண் வழிக்காரியா இருந்தா அங்க அஞ்சு இருந்திருக்கும். அம்மா பேரை யாரும் அடுத்தவ கையால தட்ட மாட்டாங்க சித்தப்பா."

ஸாவ் டீயை உறிஞ்சினார். "அப்ப வேற எவனோ இவ நாற்காலியில உக்காந்திருக்கான். எண் வழி யாருக்குப் பழக்கம்?"

"நம்ம தெக்கத்திப் பழைய கைங்களுக்கு. என்னை மாதிரி. வடக்கத்திக்காரங்களும் இந்தக் காலத்துப் பிள்ளைங்களும் எழுத்து வழிதான்."

"பையன் மேல எனக்குச் சந்தேகம்."

"அவன் கண்ணு அந்தப் பொண்ணை விட்டு நகரலை. கவனிச்சீங்களா?"

"கவனிச்சதாலதான் சந்தேகம்."

"உலகத்துல உங்களுக்கு யாரைத்தான் பிடிக்கும்?"

"செத்தவங்களை. அவங்க பேச்சு மாற மாட்டாங்க." கிழவர் டம்ளரை வைத்தார். "இன்னொண்ணு உறுத்துது. திருட்டு நடந்தது கம்ப்யூட்டர்ல. ஊர்ல கழுத்துப்பட்டி கட்டின துப்பறியற ஆளுங்க எத்தனை பேர் இருக்கான்? இந்தம்மா என்னை எதுக்குக் கூப்பிட்டா? எனக்கு அந்தப் பெட்டியை எந்தப் பக்கம் திறக்கணும்னே தெரியாது."

"அழகுல மயங்கியிருப்பாங்க."

"எந்திரி. எல்லார் கையையும் அந்தக் கட்டை மேல வைக்கணும். அதே மெஷின்ல."

உள்ளே போனதும் சின் விரலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டாள். "கத்திரி கிழிச்சுடுச்சு. சாட்சி அறிக்கைக்கு அவங்கவங்க பேரை அவங்கவங்களே தட்டிடுங்க."

முதலில் துணி வெட்டுகிற லாம். அறுபது வயது, சைகோனிலேயே பிறந்து வளர்ந்தவர், கத்தரியைக் கையில் பிடித்தபடியே வந்தார். ஸாவ் மூச்சைப் பிடித்துக்கொண்டார். லாம் ஒற்றை விரலால் கோழி பொறுக்குவதுபோல் மூன்று எழுத்துப் பொறுக்கினார். பேரில் நகையும் இல்லை, எண்ணும் இல்லை.

"மாமா, உங்க பேருக்கு மேல நெளிகோடு வேணுமே" என்றாள் சின்.

"இத்தனை வருசம் அதில்லாமத்தான் சம்பளம் வாங்கறேன்" என்று போய்விட்டார் லாம்.

அடுத்து கோய். மளமளவென்று தட்டினான். தொப்பி வைத்த எழுத்து சரியாக வந்து விழுந்தது. எழுத்து வழி. லுவாவும் அப்படியே. ஸாவின் முகம் சுருங்கியது. நினைத்த ஆள் கைநழுவிப் போவது அவருக்குப் பல் பிடுங்குவதுபோல.

"எனக்கு அந்தச் சனியன் ஆகாது" என்றாள் துயென் அம்மாள். "இந்த ஜென்மத்துல தொட்டதில்லை. கோய், என் பேரையும் நீயே தட்டு." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "மத்தியானம் ஆயிடுச்சு. பாத்தது போதும். எழுதிக் கையெழுத்துப் போடுங்க அண்ணே."

தெருவில் சாப்பாட்டு வண்டிக்காரி மணியடித்துப் போனாள். நொய்ச்சோற்றின் வாசனையும் சுட்ட கறிப் புகையும் உள்ளே வந்தன, ஒருத்தரும் திரும்பவில்லை.

ஸாவ் பேனாவின் மூடியைக் கழற்றினார். லுவாவுக்கு உதடு வெளுத்தது.

"போடறேன்" என்றார். "ஆனா ஒண்ணு. குத்தம் சாட்டறவங்கதான் குழுவுல தட்டணும். அடுத்தவன் கை பட்டா நாளைக்கு, நான் சொல்லலை அவன் சொன்னான்னு வம்பு வரும். நீங்க தட்டுங்க. நான் கீழ கையெழுத்து."

"கோய் தட்டுவான்."

"நான் தட்ட மாட்டேம்மா." கோய் பின்னால் நகர்ந்தான்.

"லாம் அண்ணே!"

"நான் தட்டி முடிக்கறதுக்குள்ள அடுத்த தேத் வந்துடும்" என்றது உள்ளேயிருந்து குரல்.

சின் கைக்குட்டை சுற்றிய விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்ப விடுங்க." ஸாவ் பேனாவை மூடினார். "பொண்ணு வீட்டுக்குப் போகட்டும். தட்டத் தெரியாதவங்க குத்தம் சாட்டக் கூடாது." செருப்பை நோக்கி நடந்தார்.

அப்போதுதான் லுவா பேசினாள். மெதுவாக, முதலாளியின் கண்ணைப் பார்த்து.

"அம்மா, நான் திருடலைன்னு உங்களுக்கே தெரியும்."

துயென் அம்மாளின் முகத்தில் ரத்தம் ஏறியது. "எனக்கா தெரியும்? எனக்கா? சோறு போட்ட வீட்டுல நின்னுக்கிட்டு என்னையே சொல்றியாடீ?"

லுவாவின் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்தாள். உட்கார்ந்தாள். திரையில் குழு திறந்தே இருந்தது. அவள் கை கட்டைகள் மேல் இறங்கியது. ஒற்றை விரல் இல்லை. பத்து விரல். கண் திரையில் இல்லை, லுவாவின் மேல் இருந்தது. மழை தகரத்தில் விழுவதுபோல் ஒரே சடசடப்பு.

ஸாவுக்குத் திரையில் இருந்தது படிக்கப் புரியவில்லை. மற்றவர்கள் முகம் புரிந்தது. கோயின் முகத்தில் கண்ணாடி மட்டும்தான் அசையாமல் இருந்தது.

"படி சின்" என்றார்.

"லுவா பேருக்குக் கீழ பொட்டு வரணும் சித்தப்பா. இங்க *Lua5*-ன்னு வந்திருக்கு. அடுத்தது 'திருடினாள்'. அதுல ஒரு எட்டு, இன்னொரு எட்டு, ஒரு ஒண்ணு." சின் குரலில் கேலி போயிருந்தது. "எண் வழி. நல்லாப் பழகின கை."

துயென் அம்மாள் திரையைப் பார்த்தாள். கை அழிக்கிற கட்டைக்குப் போனது. சின் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்க்கா."

கோய்தான் கேட்டான். "அம்மா, உங்களுக்குத் தட்டத் தெரியுமா?"

துயென் அம்மாள் மணிக்கட்டை விடுவித்துக்கொண்டாள். "கல்யாணத்துக்கு முந்தி வக்கீல் ஆபீஸ்ல அதுதான் வேலை. உனக்குத் தெரியாது. உங்கப்பாவுக்குப் பிடிக்கலை, விட்டுட்டேன்."

"அந்த ஃபோல்டர்..."

"காத்திருன்னு வச்சேன். சரியா விழலை. அவசரத்துல அப்படியே விட்டுட்டேன்." கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "தேத் முடிஞ்சதும் கடையை எழுபத்திரண்டுக்குக் கொடுத்துடலாம்னு பேசினேன். எனக்குக் கண்ணு மங்குது. உனக்குத் துணியில மனசு இல்லை. தேத் மாதிரியைக் காட்டுன்னான் அந்தக் கடைக்காரன். வந்து எடுத்துக்கறவரைக்கும் எங்கயாவது வைக்கணும். கடை ஃபைலை நீ தினம் பார்க்கறே. அவ சொந்தத்தை யாரும் திறக்க மாட்டாங்கன்னு நீதானே சட்டம் போட்டே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை."

"கையெழுத்துக்கு முந்தியே அவன் பொம்மைக்கு மாட்டிடுவான்னு நான் கண்டேனா? நீ வந்து 'எழுபத்திரண்டுக்கு'ன்னு படிச்சே. நான் சும்மா இருந்தேன். அவ்வளவுதான் செஞ்சேன். சும்மா இருந்தேன்."

"சும்மாவா?" ஸாவ் மேஜையை விரலால் தட்டினார். "கம்ப்யூட்டர் பக்கமே போகாத கிழவன் ஒருத்தன் இருக்கானான்னு ஊரெல்லாம் விசாரிச்சு என்னைப் பிடிச்சிருக்கீங்க. கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுவான்னு. அது சும்மா இருக்கறதா?"

துயென் அம்மாள் கட்டைப் பலகையைத் தள்ளி வைத்தாள்.

"இப்பத் தட்டுங்க" என்றார். "அதே குழுவுல. சின், அந்த மெஷினை இந்தம்மா வழிக்கு மாத்தி வை. எண்ணு சிந்தாம விழட்டும்."

சின் கைக்குட்டையை அவிழ்த்துவிட்டு மாற்றி வைத்தாள். துயென் அம்மாள் முதலில் தட்டியதை அழித்தாள். பிறகு தட்டினாள், அனுப்பினாள். இப்போது பொட்டெல்லாம் அதனதன் இடத்தில் விழுந்தது. கோய் சத்தமாகப் படித்தான்.

"எங்கள் கடையின் தேத் மாதிரி வெளியே போனதில் எங்கள் ஊழியர் லுவாவுக்குச் சம்பந்தமில்லை. கம்ப்யூட்டர் கோளாறினால் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. லுவா நல்ல பெண், நல்ல கைவேலைக்காரி."

"கம்ப்யூட்டர் கோளாறா?" ஸாவின் குரல் கடைக்கு வெளியே கேட்டது. "அது என்னம்மா செஞ்சுது? நீங்க தட்டினதை ஒண்ணு விடாமக் காட்டினது கோளாறா? 'நான்'னு ஒரு வார்த்தை இதுல எங்க? அழிச்சிட்டுத் திரும்பத் தட்டுங்க."

"வேண்டாங்க பெரியப்பா" என்றாள் லுவா.

"என்ன வேண்டாம்?"

"இது போதும். என் பேர் சுத்தமாயிடுச்சு. அவங்க பேர் அழுக்காகி எனக்கு என்ன ஆகப்போகுது? தேத் வரைக்கும் நான் இங்க வேலை பாக்கணும். அப்புறம் இந்தக் குழுவுல இருக்கற ஏதாவது ஒரு கடைக்குத்தான் போகணும். முதலாளியை மன்னிப்புக் கேக்க வச்சவள்னா யாரு என்னைச் சேத்துக்குவாங்க?"

அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். தன் 'சொந்தம்' முழுவதையும், பூனையையும் ரயில் டிக்கெட்டையும் அம்மாவையும், கைப்பேசிக்கு மாற்றினாள். பிறகு மெஷினிலிருந்து அழித்தாள். கோய் பக்கத்தில் வந்து ஏதோ சொல்லப் பார்த்தான்.

"இனிமே சொந்த ஃபோல்டருக்கெல்லாம் ஒரு பூட்டுப் போட்டுடறேன் லுவா."

அவள் திரும்பவில்லை. "நூல் கலர் சொல்லுங்க. மாய்ப் பூ போச்சு. வேற பூ வரையணும்."

பின்னறையில் ஒரு மெஷின் ஓட ஆரம்பித்தது. லாமின் கத்தரி துணியைக் கடித்தது. துயென் அம்மாள் ஒரு கவரை ஸாவின் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைச் சின்னிடம் தள்ளிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

தெருவில் வெயில் மண்டையைப் பிளந்தது. மோட்டார் பைக்குகள் ஆறுபோல் ஓடின. சின் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"முடிஞ்சுது சித்தப்பா. பொண்ணு தப்பிச்சா. அப்புறம் எதுக்கு மூஞ்சி இப்படி?"

"தப்பிச்சாளா? அதே நாற்காலியில, அதே அம்மா எதிர்லயே உக்காந்திருக்கா."

"அவளே போதும்னுட்டாளே."

"பசிக்கறவன் ஆறின சோத்தையும் போதும்னுதான் சொல்வான்."

"சரி, நாலு பேர் படிச்சாங்க. நம்பிட்டாங்க. இதயம் வரிசையா வருது பாருங்க." சின் கைப்பேசியை நீட்டினாள். குழுவில் ஒவ்வொரு கடையும் இதயப் படம் போட்டுக்கொண்டிருந்தது. 72-ஆம் நம்பரும் ஒன்று போட்டிருந்தது.

ஸாவ் அதை ஒரு பார்வை பார்த்தார். "நீ நம்பு" என்றார். வண்டிகளைப் பார்க்காமல், கையைக் கூட உயர்த்தாமல், அவற்றின் நடுவே இறங்கி எதிர்ச்சாரிக்கு நடந்தார். இந்த ஊர் வழக்கப்படி வண்டிகள் அவரைச் சுற்றி விலகி ஓடின.